சத்தம் வந்த திசை

6 ஆகஸ்ட் 2006, ஞாயிறு. எம். புதுப்பட்டி

இது இசைவாணி கொடுத்த டைரி. அவள் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் கழித்துப் போட்டது. பைண்டிங்கில் யாரோ தூங்கி வழிந்திருக்கிறார்கள், ஜூன் இரண்டு தடவை இருக்கிறது, ஆகஸ்ட் இல்லவே இல்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இரண்டாவது ஜூனை அடித்துவிட்டு ஆகஸ்ட் என்று எழுதிக்கொள்கிறேன்.

கோவா கேம்பிலிருந்து நேற்றுதான் வந்தேன். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள், இந்திய அணி. எழுதிப் பார்த்தாலும் எனக்கே நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. நான் கோல்கீப்பர். என்னையும் சேர்த்து மூன்று கீப்பர்கள். அக்டோபரில் மறுபடி கூப்பிடுவார்கள். அதில் இரண்டு பேரைத்தான் வெளிநாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போவார்கள். மூன்றாவது ஆள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இப்போதைக்கு அந்த மூன்றாவது ஆள் நான்.

அம்மா விடிந்ததும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டாள். தீபாவளி சீசன், ஞாயிறும் வேலை. அப்பா வெடி லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் நாக்பூர் பக்கம் போயிருக்கிறார். நான் சட்டியிலிருந்த பழைய குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். கேம்பில் ஆள் இருந்தது, பாஷை இல்லை. இங்கே பாஷை இருக்கிறது, ஆள் இல்லை.

8 ஆகஸ்ட், செவ்வாய்

ஏன் மூன்றாவது என்று எழுதிவிடுகிறேன். மனசுக்குள் வைத்திருந்தால் புளிக்கிறது.

கடைசி நாள் பயிற்சி ஆட்டம். கார்னர் கிக். பந்து என்னை நோக்கித்தான் வருகிறது, கண்ணை மூடிக்கொண்டே பிடிக்கலாம். அப்போது பக்கத்துச் சர்ச்சில் திருவிழா வெடி ஒன்று போட்டார்கள். நான் திரும்பிவிட்டேன். பந்தை விட்டுவிட்டு, சத்தம் வந்த திசையில் புகை தெரிகிறதா என்று பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். சோற்றில் கை வைத்தவரும் திரும்புவார், பஸ் ஓட்டுகிறவரும் திரும்புவார். புகை எந்தப் பக்கம், அந்தப் பக்கம் எந்தக் கம்பெனி, அங்கே நம்ம ஆள் யார்? அதற்கப்புறம்தான் கால் ஓடும். சரி, கோவாவில் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் பார்த்தேன். பந்து என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

எனக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பர் சனா. மணிப்பூர்க்காரி, என் ரூம்தான். அவள் தலையைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்துவிட்டாள். அவர்கள் ஊரில் துப்பாக்கியும் குண்டும் வெடிக்குமாம், சத்தம் கேட்டால் அப்படித்தான் செய்வார்களாம். கிரவுண்டே சிரித்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கோச் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னதைக் கேரளத்துப் பிள்ளை ஒருத்தி பாதித் தமிழில் சொன்னாள். “கைக்கு நூறு மார்க்காம். கவனத்துக்கு சைபராம். கேலரியில ஒருத்தன் பட்டாசு போட்டா நீ திரும்பும், இந்தியா கோல் வாங்கும். அக்டோபர்ல இது மாறணுமாம்.”

எங்கள் ஊரில் திரும்பாதவளைத்தான் கவனம் இல்லாதவள் என்பார்கள். அதை எந்த பாஷையில் அவரிடம் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

ஒரு வழி தோன்றியிருக்கிறது. ஊருக்கு மேற்கே பொட்டலில் தினமும் சாயங்காலம் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். அதன் ஓரத்தில் மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று, சுவர் மட்டும் கெட்டியாக நிற்கிறது. பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடிக்க வேண்டியது. முதுகுக்குப் பின்னால் அவர்கள் வெடிப்பார்கள். நான் திரும்பக் கூடாது.

முன்னே என்னோடு விளையாடிய பையன்கள் எல்லாம் பிரஸ்ஸுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். பந்து அடித்துப் போட இசைவாணியைக் கூப்பிட்டேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? சத்தத்துக்குத் திரும்பாம இருக்கப் படிக்கப் போறியாக்கும். நாளைக்கு ஒங்கம்மாவுக்கோ எங்கம்மாவுக்கோ ஒண்ணுன்னாலும் பந்தையே பாத்துக்கிட்டு நில்லு.”

எங்கள் இரண்டு அம்மாக்களும் ஒரே கம்பெனி. அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. தைத்தால் எனக்கு வாய் சும்மா இருக்காதே! “ஜூனை ரெண்டு தடவ வச்சுத் தைக்கிறவளுக எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டாளுக” என்றேன்.

போய்விட்டாள். போகட்டும்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பினேன். ஒரு தடவை சுவரில் பட்டு வந்த பந்து காதில் அறைந்தது. இன்னும் ரீங்காரம் அடங்கவில்லை.

27 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று ஒரு தடவை திரும்பவில்லை. சொல்ல ஆளில்லை.

5 செப்டம்பர், செவ்வாய்

சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. மேடம் எப்போதும் சொல்வார், கீப்பர் வாய் திறக்க வேண்டும், பந்து என்னுடையது என்று கத்த வேண்டும் என்று. கேம்பில் எனக்குச் சத்தமே வராது, எந்த பாஷையில் கத்துவது என்கிற கூச்சம். இப்போது வெடிச் சத்தம் கேட்ட நொடியில் “கீப்பர்!” என்று கத்துகிறேன். கத்தினால் கழுத்து நின்றுவிடுகிறது. பந்தின் தையலை மட்டும் பார்க்கிறேன். பத்துக்கு ஏழெட்டு கைக்கு வருகிறது.

சாம்பிள் வைக்கிற கண்ணுச்சாமி மாமா சிரித்தார். “ஏ புள்ள, எங்களுக்கு முன்னால நீ வந்து நிக்கே. ஒனக்கும் சேத்துச் சம்பளம் போடச் சொல்லட்டுமா மொதலாளிட்ட?”

“போடச் சொல்லுங்க மாமா, பந்து வாங்கணும்” என்றேன். இந்த வாரத்தில் நான் ஒரு ஆளோடு பேசிச் சிரித்தது இதுதான். அம்மா ஓவர்டைம் முடிந்து வரும்போது சரம் பின்னிப் பின்னி விரல் மரத்துப்போய் வருகிறாள். தட்டை நான்தான் எடுத்து வைக்கிறேன். பாதிச் சோற்றிலேயே கண் சொருகிவிடுகிறது.

14 செப்டம்பர், வியாழன்

எப்படி எழுதுவது? எழுதித்தான் ஆக வேண்டும்.

சாம்பிள் நேரம். சுவரில் அடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தம், கொஞ்சம் கனமாக. “கீப்பர்!” பிடித்தேன். இன்னொன்று, தரை அதிர்கிற மாதிரி. அதையும் மார்போடு பிடித்தேன். கழுத்து அசையவில்லை. எனக்கு எம்புட்டுச் சந்தோஷம்! இப்போது எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. சாம்பிள் முடிந்துவிட்டதா என்று திரும்பினால் பொட்டலில் ஒரு ஆள் இல்லை. கண்ணுச்சாமி மாமாவின் ஊதுவத்தி தரையில் புகைந்துகொண்டு கிடந்தது. மேற்கே கறுப்பாகப் புகை. அம்மா கம்பெனி!

ஐயோ, ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வெடிமருந்து ரூம் ஒன்று தரைமட்டம். டீ குடிக்க ஆட்கள் வெளியே வந்திருந்த நேரம், உயிர் தப்பியது. அம்மாவோடு வேலை பார்க்கிற சோலையம்மாள் அத்தைக்கு மட்டும் கை வெந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மற்றவர்களை வீட்டு ஆட்கள் வந்து கட்டிப்பிடித்து அழுது கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியில் அம்மா நின்றாள், தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு.

என் கையைப் பார்த்தாள். க்ளவுசைக் கழற்றாமலே ஓடி வந்திருக்கிறேன்.

“வந்துட்டியா” என்றாள்.

15 செப்டம்பர், வெள்ளி

குழாயடியில் இசைவாணி. அவளாகத்தான் பேசினாள். நேற்று பிரஸ் வேனிலிருந்து இறங்கியதும் சத்தம், அப்படியே ஓடியிருக்கிறாள்.

“ஒங்கம்மா வெளிய வந்து ஒவ்வொரு மூஞ்சியா பாத்துச்சு. நான் போயிக் கையப் பிடிச்சேன். என் மூஞ்சியையும் பாத்துட்டு அடுத்த மூஞ்சியப் பாக்கப் போயிருச்சு.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாயாடி, வாயாடி என்பார்களே என்னை! குடம் நிரம்பி வழிந்தது, அதையும் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

பந்தைத் தொடவில்லை.

18 செப்டம்பர், திங்கள்

தொட்டேன். வேறென்ன செய்ய? பொட்டலுக்குப் போகவில்லை, வீட்டுப் பின்சுவரில் அடித்தேன். தூரத்தில் சாம்பிள் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே திரும்பிப் பார்க்க நினைத்தேன். பந்தைப் பிடித்த பிறகுதான் நினைத்தேன் என்பது அப்புறம் உறைத்தது.

26 செப்டம்பர், செவ்வாய்

காசிராஜன் அண்ணாச்சி கடைக்குப் போன் வந்ததாம். ஆறாம் தேதி கேம்பில் இருக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். “நல்லது” என்றாள். அம்மா என் மேல் கோபப்பட்டாலாவது பரவாயில்லை. ரெண்டு அடி அடிச்சாக்கூட நல்லாருக்கும்.

4 அக்டோபர், புதன்

சிவகாசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மா வந்தாள். அரைநாள் லீவு போட்டு வந்தாள். சீசனில் அரைநாள் லீவு கேட்டால் போர்மேன் என்ன பேசியிருப்பான் என்று எனக்குத் தெரியும். சாத்தூர் சேவு ஒரு பெரிய பொட்டலம் வாங்கிப் பையில் திணித்தாள். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கன வெடிச்சா பாக்காத, என்ன? அங்கன நமக்கு யாரும் இல்ல.”

இசைவாணி சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், பஸ் நகர்ந்துவிட்டது. விருதுநகர் வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி, பரீட்சையில் பெயிலா என்று கேட்டாள்.

21 அக்டோபர், சனி. கோவா. தீபாவளி

சனாவுக்கும் எனக்கும் அதே ரூம். சேவு அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உறைப்புக்குக் கண்ணீர் வடித்துக்கொண்டே தின்கிறாள். இந்த முறை நான் கத்துகிறேன் என்று எனக்கு முன்னால் தடுத்து ஆடுகிற நால்வரும் சொல்கிறார்கள். “விடு!” என்றால் பந்தை விட வேண்டும் என்று சனா தமிழிலேயே கற்றுக்கொண்டாள்.

இன்று செலக்‌ஷன் ஆட்டம். ஊரெல்லாம் வெடி. கேட்டுக்கு வெளியே கிடந்த வெடிக்காகிதத்தில் சிவகாசி என்று போட்டிருந்தது. இரண்டாவது பாதியில் சுவரை ஒட்டி ஒரு பெரிய சத்தம். சனா விழுந்துவிட்டாள், அன்றைக்குப் போலவே குப்புற. அவளைத் தாண்டிப் பந்தோடு ஒருத்தி தனியாக வந்தாள். நான் “கீப்பர்!” என்று கத்திக்கொண்டு முன்னேறி அவள் காலடியில் விழுந்து பந்தை அமுக்கினேன்.

மேடம் கை தட்டினார். சனாவைப் பார்த்து, எழில் எப்படி நிற்கிறாள் பார் என்றார். அது எனக்கே புரிகிற அளவு எளிய இங்கிலீஷ். சனா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து என்னைப் பார்த்தாள். அன்று அம்மா க்ளவுசைப் பார்த்த மாதிரி.

27 அக்டோபர், வெள்ளி

பெயர் வந்துவிட்டது. இரண்டு கீப்பரில் நான் ஒருத்தி. சனா இல்லை. கவனம் இல்லையாம். எனக்குச் சொன்ன அதே வார்த்தை.

அவள் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். மிச்ச சேவை மடித்து என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தின்ன மனசில்லை.

12 நவம்பர், ஞாயிறு

நாளை மறுநாள் விமானம். நீல பிளேசர் கொடுத்திருக்கிறார்கள், நெஞ்சில் இந்தியா. போட்டுப் பார்த்தேன். ரூமில் காட்ட ஆளில்லை, கண்ணாடிக்குக் காட்டினேன்.

சாயங்காலம் பூத்திலிருந்து அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டேன். அம்மாவை வந்து நிற்கச் சொல்லியிருந்தேன்.

“சாப்பிட்டியா? பிளேன்ல பயப்படாத. ஜன்னல் ஓரம் ஒக்காராத.” அம்மா போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவாள். “தீவாளி முடிஞ்சு கம்பெனியெல்லாம் பூட்டிக் கெடக்கு. ஊருக்குள்ள ஒரு சத்தம் இல்ல. கையும் ஓடல, காலும் ஓடல.”

“சோலையம்மா அத்தைக்குக் கை எப்படிம்மா இருக்கு?”

“ஆறிருச்சு. வெரல்தான் மடங்கல.”

அன்றைக்கு உடனே ஓடி வராததற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் போன் போட்டேன். “அம்மா, அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு கல்யாண ஊர்வலம். டமார் என்று ஒன்று போட்டார்கள், காதே அடைத்தது. அப்புறம் போனில் அம்மா இல்லை. அம்மா, அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கட்டாகிவிட்டது என்று நினைக்கும்போது அண்ணாச்சியின் குரல்.

“ஏம்மா எழிலு, ஒங்கம்மா போன மேசையில போட்டுட்டு வாசலுக்கு ஓடிட்டாக. ரோட்டுல நின்னு மேற்க பாத்துக்கிட்டு இருக்காக. கூப்பிட்டாலும் காதுல விழல. என்ன ஆச்சு?”

“சத்தம் இங்கன அண்ணாச்சி. கல்யாண வெடி. அங்கன ஒண்ணுமில்லன்னு அம்மாட்ட சொல்லுங்க.”

அவர் அம்மாவைக் கூப்பிடப் போனார். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். வெடித்தது என் பூத்துக் கதவை ஒட்டித்தான். நான் இன்னும் திரும்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.