ஜப்பான் வீரனுக்கு நம்ம ஊர்ப் பேச்சு

என் உயிர் மச்சான் அமல்ராஜ் வாத்தியாருக்கு,

நீ போய் இந்த மாதத்தோடு ஒன்றரை வருஷம் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றியபோதுகூட நான் உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசுகிற மாதிரி சேதி இல்லை. புளி விலை ஏறுகிறது, இறங்குகிறது. அதைக் கேட்டு நீ என்ன செய்யப் போகிறாய்? இப்போது சேதி இருக்கிறது. உன் மகள் வசனம் எழுதிய படம் திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டது.

ஜப்பான் படம் மச்சான். அந்தக் காலத்துப் போர்வீரர்கள் கதை. ஆளுக்கு இரண்டு வாள், கொம்பு வைத்த தலைக்கவசம், உடம்பெல்லாம் தகடு. மலைமேல் ஒரு கோட்டை. உள்ளே கொஞ்சம் பேர், கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் எதிரிப்படை. மூன்று மணி நேரம் ஓடுகிறது. நீ இருந்திருந்தால் இடைவேளையில் என்னைப் போண்டா வாங்கக்கூட விட்டிருக்க மாட்டாய். அந்த வீரர்கள் வாயில் தமிழை வைத்தது நம்ம ஜெசிந்தா. கடைசியில் பெயர்கள் ஓடும்போது ‘தமிழ் வசனம்: அ. ஜெசிந்தா’ என்று வருகிறது. அந்த ‘அ’ நீதான். தெரியுமா உனக்கு?

எனக்கு இந்தப் படத்தில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் பி.எட். முடித்த வருஷம் நீ என் புளி மண்டிக்கு வந்து சாக்குமேல் உட்கார்ந்தாய்.

“மச்சான், புள்ள மெட்ராசுக்குப் போயி வெளிநாட்டுப் படத்துக்கெல்லாம் தமிழ்ல வசனம் எழுதணுங்குது. நீ என்ன சொல்ற?”

“நான் என்னத்தச் சொல்ல? டீச்சர் வேலைக்கு அனுப்பு. எவனோ வாயசைக்கிறதுக்கு வார்த்தை தைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பாடா?”

“ஒனக்கு அம்புட்டுத்தான் தெரியும்.”

“அம்புட்டுத் தெரிஞ்சுதாண்டா இந்த மண்டியை எழுப்புனேன்.”

நீ எழுந்து போய்விட்டாய். இரண்டு வாரம் கடைப் பக்கமே வரவில்லை. அப்புறம் ஒருநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து டீ சொன்னாய். அவளைச் சென்னைக்கு அனுப்பிவிட்டிருந்தாய். அதைப் பற்றி நாம் அதற்கப்புறம் பேசவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், நீ கண்ணை மூடுகிற வரைக்கும் நான் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷமாக அவள் அங்கே பொம்மைப் படத்துக்கும் தொடருக்கும் துண்டு துண்டாக எழுதிக்கொண்டிருந்தாள். முழுப் படம் என்றால் இதுதான் முதல். உன் வீட்டுக்காரி லூர்து தங்கச்சிக்குப் பொறுமை போய்விட்டது, அவளைக் குறை சொல்லக் கூடாது. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழாசிரியர் இடம் காலி என்று கேள்விப்பட்டு மகள் பேரில் விண்ணப்பம் போட்டுவிட்டது. திங்கட்கிழமை நேர்முகம். படம் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வெளியாகிறது. வியாழக்கிழமை ஜெசிந்தா ஊருக்கு வந்தாள். பையை வீட்டில் போட்ட கையோடு நேராக மண்டிக்கு வந்தாள்.

“மாமா, சென்னையில எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. மூஞ்சிக்கு நேரா யாரு கெட்டதச் சொல்லுவா? நம்ம ஊர்ச் சனம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். இவங்க மனசுல என் வசனம் ஒட்டலேன்னா, திங்கக்கெழம சேலையக் கட்டிக்கிட்டு இன்டர்வியூவுக்குப் போயிர்றேன்.”

“அதுக்கு நான் என்னத்தா செய்யணும்?”

“அப்பா இருந்தா தியேட்டர் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரா மறிச்சுக் கேட்டிருப்பாரு. இப்ப நீங்க கேக்கணும். நான் யாருன்னு சொல்லாம பக்கத்துல நிப்பேன். மூட்டையக் கவுத்துப் பாக்காம நீங்க எதையும் நம்ப மாட்டீங்கள்ல?”

அது உண்மைதான். நத்தத்திலிருந்து புளி வந்து இறங்கினால் நான் மேல் மூட்டையைத் தொடவே மாட்டேன். மேல் மூட்டை காட்டுவதற்கென்றே கட்டுவது. அடியில் கிடக்கிற மூட்டையை இழுக்கச் சொல்லி, அதன் அடியில் கைவிட்டுப் பிய்த்துப் பார்ப்பேன். எடைக்காக ஈரம் ஏற்றியிருந்தால் அங்கேதான் தெரியும். முப்பது வருஷமாக இப்படித்தான் வாங்குகிறேன். இந்த ஊரில் என்னிடம் ஈரப் புளியைத் தள்ளியவன் ஒருத்தனும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு நம்ம மண்டிச் சுமைக்காரர்கள், அவர்கள் வீட்டுக்காரம்மா, மச்சினன் என்று ஒரு கூட்டத்துக்கே டிக்கெட் எடுத்துக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். “வெளிய வரும்போது கேட்டா, வசனம் நம்ம ஊரு பேச்சு மாதிரியே இருக்குன்னு சொல்லுங்கப்பா” என்று சொல்லியும் வைத்தேன். அன்றைக்கு மண்டியில் உன்னிடம் சொன்னதற்கு நான் பரிகாரம் தேடினேனா, அல்லது அந்தப் பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்க்கப் பயந்தேனா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்.

படம் விட்டது. முதலில் பாண்டி வந்தான், நம்ம மூட்டை தூக்குகிற பாண்டிதான். நான் யாரோ மாதிரி கேட்டேன்.

“வசனம் நம்ம ஊரு பேச்சு மாதிரியே இருக்குங்க.”

அடுத்தவனும் அதையே சொன்னான். மூன்றாவது ஆளின் பெண்சாதி அதையே ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தது. ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போஸ்டரைப் பார்த்தேன். நாலாவதாக இன்னொரு சுமைக்காரன் வீரையன் வந்தான். அவன் வந்தது உள்ளேயிருந்து இல்லை, தெருப் பக்கமிருந்து. கையில் பிரியாணிப் பொட்டலம், சூடு ஆறவில்லை.

“கிளைமாக்ஸ்ல அழுதுட்டேன் தாயி.”

“அப்படியாண்ணே? கிளைமாக்ஸ்ல யாரு செத்தா?”

வீரையன் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். “அது வந்து… எல்லாருந்தான்.”

அதிர்ஷ்டக்காரன். படத்தில் உண்மையாகவே எல்லாரும் செத்துத்தான் போகிறார்கள். அத்தோடு தப்பித்தோம் என்று நான் மூச்சு விடுவதற்குள் பாண்டி திரும்பி வந்து கேட்டான்: “மொதலாளி, எல்லாரும் சொல்லிட்டாங்கள்ல? நாங்க கெளம்பலாமா?”

நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் சிரித்தே விழுந்திருப்பாய். ஜெசிந்தா சிரிக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள். அப்புறம் கேட்டாள், “மாமா, ஈரம் ஏத்துன புளிய நீங்க வாங்குவீங்களா?”

நான் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி பையைத் தடவினேன்.

“எனக்கும் வேணாம். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாரேன். டிக்கெட்ட நான் எடுக்குறேன். நீங்க யாருக்கும் போன் பண்ணக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சி. பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். நான் அன்றைக்குத்தான் படத்தையே பார்க்கிறேன். ராஜா பேசுவது செந்தமிழ், காலாட்படை வீரர்கள் பேசுவது நம்ம பேச்சு. ஒருத்தன் ஈட்டியைத் துடைத்துக்கொண்டே “ஏலே, அங்கிட்டு ஒளியாத, இங்கிட்டு வா” என்கிறான். முன்வரிசையில் சிரிப்பு. அது கேலியா, சந்தோஷமா என்று தெரியவில்லை. ஜெசிந்தா நகத்தைக் கடித்தாள்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. ராஜா செத்த சேதி கோட்டைக்கு வருகிறது. படைக்குச் சமைக்கிற கிழட்டு வீரன் ஒருத்தன், சுவரோடு சாய்ந்து கிடக்கிற தளபதியிடம் கிண்ணத்தை நீட்டுகிறான். தளபதி வாங்கவில்லை. கிழவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறான்: “அழுவலாம்ப்பா, யாரு வேணாங்கறா? செத்த நேரம் கழிச்சு அழு. மொதல்ல இந்தக் கஞ்சியக் குடி. குடிச்சிட்டு அழு, நானும் கூட ஒக்காந்து அழறேன்.”

மச்சான், எனக்குத் திரை மறைந்துவிட்டது. என் அம்மா செத்த அன்றைக்கு நான் ஒன்றும் தின்னாமல் மண்டிச் சுவரில் சாய்ந்து கிடந்தேன். நீ உங்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாய். நீ சொன்னது இதேதான், ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லை. சொன்னபடி நீ உட்கார்ந்து அழவும் செய்தாய்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஜெசிந்தா திரையைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலைகூட அசையவில்லை.

படம் விட்டதும் நான் வாசலுக்கு விரைந்தேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “மொதல்ல வாரவங்கள விட்டுருங்க மாமா. அவங்க வண்டிய எடுக்க ஓடுவாங்க. கடைசியா வாரவங்கள கேக்கணும்னு அப்பா சொல்லுவாரு.” உன் பாடம், உன் பிள்ளை.

கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். “சண்டையெல்லாம் தெறி. ஆனா தலையில குண்டானைக் கவுத்துக்கிட்டா யாரு நம்ம ஆளு, யாரு எதிரின்னு தெரியல” என்றான் ஒருத்தன். இன்னொருத்தன், “ஜப்பான் குரலையே விட்டுட்டுக் கீழ எழுத்துப் போட்டிருக்கலாம். தமிழ்ல பேசுனா கெத்துப் போயிருது” என்றான். ஜெசிந்தாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

காய்கறி ஏற்ற வந்த இடத்தில் படத்துக்கு நுழைந்த ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் இரண்டு பேர் வாசலிலேயே சண்டை.

“ஏனுங்க, சப்பான்காரன் எப்படிங்க திண்டுக்கல்லுப் பேச்சுப் பேசுவான்?”

“அவன் அவன் பேச்சுப் பேசுனா உங்களுக்கு வெளங்குமாங்க? ராசா பேசுனது மட்டும் வெளங்குச்சா?”

“அதுவும் வெளங்கலீங்க. பள்ளிக்கூடத்துப் பொஸ்தகத்தப் படிக்கிறாப்புல இருந்துச்சு. அவரு பேசுறப்பதான் நான் ஒரு தூக்கம் போட்டேன்.”

கூடவே, படம் நீளம் என்றார்கள். குதிரைகள் நல்ல குதிரைகள் என்றார்கள். இம்புட்டு ரத்தம் எதுக்கு என்றார்கள்.

எல்லாருக்கும் கடைசியில் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் பூ விவசாயம். சந்தையில் பூவைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்த அம்மா உள்ளே செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததால் நேரமாகிவிட்டது.

“படம் எப்படி இருந்துச்சு தாயி?” என்று கேட்டேன்.

“என்னத்தப் படம், வெட்டுறான், குத்துறான். இவரு கூட்டியாந்தாரு, வந்தேன்.” இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றது. “ஆனா அந்தக் கெழவன் கஞ்சியக் குடிக்கச் சொன்னான் பாருங்க. எங்க அண்ணன் தவறுன அன்னைக்கு என்னைய அப்படி ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் அழுவாத அழுவாதன்னுதான் சொன்னாக. அத யாரு எழுதுனாகளோ, அவுகளுக்குப் புண்ணியமாப் போகும்.”

புருஷன், “பஸ்ஸு போயிரும், வா” என்றார். போய்விட்டார்கள். அது அடிமூட்டை மச்சான். ஈரம் ஏறாத அடிமூட்டை. ஈரம் என் கண்ணில்தான்.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். “எங்க அம்மா செத்தப்ப நீ பொறக்கவே இல்லையேத்தா. அது ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“அப்பா சொல்லுவாரு மாமா, பத்துத் தடவையாவது. ஜப்பான் வசனத்துலயும் அந்தக் கெழவன் சாப்பிடு, அப்பறம் அழுன்னுதான் சொல்றான். அதத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாலு நாளு ஒக்காந்திருந்தேன். அப்பறம் அப்பா பேச்ச அப்படியே எழுதிட்டேன்.”

அவளே தொடர்ந்தாள். “அந்த ஒட்டன்சத்திரத்துக்காரரு சொன்னது சரிதான் மாமா. ராசா வசனத்துல நான் பயந்துட்டேன். பெரிய ஆளு, பெரிசாத்தான் பேசணும்னு வார்த்தைய அடுக்கிட்டேன். அடுத்த படத்துல ராசாவும் மனுசனாத்தான் பேசுவாரு.”

அடுத்த படத்துல என்று சொன்னாள், கவனித்தாயா? நான் கவனித்தேன். தன் சரக்கில் எது சொத்தை என்று தானே பிய்த்துக் காட்டுகிறவனை நான் இத்தனை வருஷத்தில் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் இன்றைக்கும் தொழிலில் நிற்கிறார்கள். நான் சொன்னேன், “திங்கக்கெழம சென்னைக்குக் கெளம்புத்தா. அம்மாகிட்ட நான் பேசுறேன்.”

லூர்து தங்கச்சியிடம் பேசுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டது. பூக்காரம்மா சொன்னதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னது. அப்புறம் நேர்முகத்துக்கென்று தேய்த்து வைத்திருந்த நீலச் சேலையை எடுத்து மகளின் பையில் வைத்து, “சினிமாக்காரங்க மத்தியில கட்டிக்கிறட்டும். எனக்கு எதுக்கு?” என்றது. உன் பெண்சாதியை உனக்குத் தெரியாதா, அதற்கு மேல் சம்மதம் எப்படிச் சொல்லும்? திங்கட்கிழமை காலையில் நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போது அந்தப் பழைய வழக்குக்கு வருகிறேன். சாக்குமேல் உட்கார்ந்து நீ கேட்டபோது நான் சொன்னது தப்பு மச்சான். மேல் மூட்டையைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் சொன்னேன். நீ அடிவரைக்கும் கைவிட்டுப் பார்த்திருந்தாய். இது அப்போதே புரிந்திருந்தால் நீ டீ சொன்ன அன்றைக்கே சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? “ஒனக்கு அம்புட்டுத்தான் தெரியும்” என்றுதானே? சொல்லிக்கொள். இப்போது இதைப் பத்திரிகையில் ஊரே படிக்கிறது, எனக்கு வெட்கமில்லை.

இனி அவள் படம் எது வந்தாலும் நான் தனியாகப் போவேன். பாண்டியிடம் மூச்சு விடமாட்டேன். கடைசி ஆள் செருப்பைத் தேடி வெளியே வருகிற வரைக்கும் வாசலில் நிற்பேன். அவர் நல்லதைச் சொன்னாலும் கெட்டதைச் சொன்னாலும், கல்லறைக்கு வந்து அதை அப்படியே உன்னிடம் சொல்வேன். சொல்லி முடித்துவிட்டுச் செத்த நேரம் கூட உட்கார்ந்திருப்பேன்.

உன் மகளுக்கு மாமனும்,
உன் கஞ்சியைக் குடித்து எழுந்தவனுமான
உன் மச்சான் காளிமுத்து,
புளி மண்டி, திண்டுக்கல்.