அக்காவின் படையலில் வைத்த சாராயம்

என்னை இடுப்பில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோன பாக்கியம் அக்காவுக்கு,

நேற்று உக்குவளைக் கடைவீதியில் நம் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி என்னை மறித்தார். "என்ன வாத்தியாரே, அக்கா திதி வருதே. போத்தலுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்று சிரித்தார். நான் விலகி நடந்தேன்.

உன் பதினாறாம் நாள் படையலில் அரைப் போத்தல் சாராயம் வைத்தவர் அவர்தான். செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமாம். ஒரு சொட்டும் தொடாதவள் நீ. நம் சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். படையல் முடிந்ததும் அதைப் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

உன் காசநோய்க்குத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார். இருமல் நின்றது. "காதுக்குள்ள வண்டு கத்துதுங்க ஐயா. தரை ஆடுது" என்றாய். "மருந்து புடிக்குது புள்ள, சும்மா இரு" என்றார். மறுநாளும் ஊசி.

பிறகு, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகையில் இருட்டில் தள்ளாடினாய். வெயில் ஏறியதும் ஓரளவு நேராக நடந்தாய். கங்காணிக்கு அது போதும். "ராத்திரி ஊத்துனது இப்பதான் எறங்குது, பாருங்கடி." கொழுந்து எடுத்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். காது மந்தமானதால், "நான் குடிக்கலைங்க" என்பதை நீ உரக்கச் சொன்னாய். "பாத்தீங்களா, கத்துறத?" என்றார்.

தண்ணீர் கொட்டும் பீலியில் முகம் கழுவும்போது சோப்பு நுரைக்குக் கண்ணை மூடினாய். விழுந்தாய். கல்லில் தலை. பிறகு எழவேயில்லை. அதற்கும் சாராயம்தான் காரணம் என்றார்கள்.

கண்டியில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். அந்த ஊசி நெடுநாள் போட்டால் சிலருக்குக் காதோடு, உடம்பை நேராக நிறுத்தும் நரம்பும் கெடுமாம். அப்புறம் கண்ணை நம்பித்தான் நிற்க முடியும். இருட்டில் ஆள் தள்ளாடும், கண்ணை மூடினால் விழும். காதில் இரைச்சல் என்றதுமே ஊசியைத் தொடரலாமா என்று யோசித்திருக்க வேண்டுமாம்.

டிஸ்பென்சரிடம் போய்ச் சொன்னேன். "இருமல் நின்னிச்சா இல்லையா தம்பி?" என்றார். இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். இப்போது யாருக்குத் தரை ஆடுகிறதோ, யார் சிரிக்கிறார்களோ?

இந்தத் திதிக்கு உன் படையலை நானே போடுவேன். சாயம் இறங்கிய தேத்தண்ணி, கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு. போத்தலோடு கங்காணி வந்தால் நம் லயத்து வீட்டு வாசலில் நிறுத்தி, எல்லார் முன்னாலும் இந்தக் கடிதத்தை வாசிப்பேன். அதன்பிறகும் வைக்கத் துணிந்தால், அந்தச் சாராயத்தை அவர் காலடியிலேயே ஊற்றுவேன்.

நீ குடிக்கவில்லை, அக்கா.

உன் இடுப்பிலிருந்து ஒரு நாளும் விழாத,
தம்பி