ஹாரியட் கிரேஞ்சின் டொச் குரல்

பெர்லின்
11.05.2025

மதிப்புக்குரிய பரராசசிங்கம் அண்ணாவுக்கு,

இருபதாவது வயதில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோன உங்கள் தங்கை சாரங்கா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். செத்தவளுக்கு இனி என்ன சுகக்குறைவு வரப்போகிறது? உங்களுக்குப் போன வருடம் இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்ததாக அறிந்தேன். மருந்துகளை நேரத்துக்கு எடுங்கள். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காமல் ஒரு கதிரையில் இருந்து வாசியுங்கள்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று கிழித்துவிடாதீர்கள். ஆங்கில நடிகை ஹாரியட் கிரேஞ்சுக்கு, அவருடைய படங்களை ஜேர்மனியில் வெளியிடும் கம்பெனியின் முகவரிக்கு, மார்ச் மாதம் டொச்சில் இரண்டு பக்கக் கடிதம் எழுதினீர்கள் அல்லவா? அது என் கைக்கு வந்தது. அந்தக் கம்பெனியில் ரசிகர் கடிதங்களைப் பிரிக்கிறவள் யூலியா என்ற பெண். நடிகையைப் புகழும் கடிதங்கள் லண்டனுக்குப் போகும். குரலைப் புகழும் கடிதங்கள் எனக்கு வரும். இந்த நாட்டில் ஒரு வெளிநாட்டு நடிகைக்கு டொச் பேச ஓர் ஆளை வைத்தார்கள் என்றால், பெரும்பாலும் கடைசி வரைக்கும் அதே ஆள்தான். இருபது வருடமாக ஹாரியட் கிரேஞ்ச் இங்கே வாயைத் திறக்கும்போதெல்லாம் கேட்பது என் குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியைக்கூட எடுக்காமல் நீங்கள் இருந்து கேட்பது என்னைத்தான்.

தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

தொழிலுக்காக அப்பாவின் பெயரைப் பாதியாகச் சுருக்கி வைத்திருப்பதால், நாங்கள் அண்ணன் தங்கை என்பது யூலியாவுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தின் மேல் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டி, இது உனக்குத்தான், வாசித்தால் அழுவாய் என்று எழுதி அனுப்பியிருந்தாள். அவள் சொன்னபடியே முதல் பக்கத்துக்கு அழுதேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஐந்து கிழமை தேறும் நிலையத்தில் தனியாக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். ஹாரியட் நீதிபதியாக வரும் தொடரை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டதாகவும், அந்தக் குரல் கேட்டால் ஏனென்று தெரியாமல் சொந்த வீட்டில் இருப்பது போல இருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். யூன் எட்டாம் திகதி டோர்ட்மண்டில் மகள் மிதுசாவுக்குக் கல்யாணம், மண்டபத்தில் போட ஒரு நிமிட வாழ்த்துப் பதிந்து தர முடியுமா, டொச்சில் பேசுவது வேறொருவர் என்றால் அவர் பேசினாலே பெரிய பாக்கியம் என்று கேட்டிருந்தீர்கள்.

பிறகு இரண்டாம் பக்கத்தில் மூன்று வரி. எனக்கும் ஒரு தங்கை இருந்தாள், நடிப்பில் கெட்டிக்காரி, அவளை நாடகப் பள்ளியில் படிப்பிக்க ஆசைப்பட்டேன், இருபது வயதில் நோயில் போய்விட்டாள். ஸ்டூடியோ வாசலில் நின்று அதை வாசித்தேன். உள்ளே மைக்குக்கு முன்னால் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு ஏலாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இத்தனை வருடத்தில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

என்னைச் சாகடித்ததைக்கூடப் பொறுத்துவிடுவேன். படிப்பிக்க ஆசைப்பட்டேன் என்று எழுதக் கை எப்படி வந்தது அண்ணா?

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அந்த நாடகப் பள்ளி நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் பத்துப் பேரைத்தான் எடுத்தது. அதில் நான் ஒருத்தி. அனுமதிக் கடிதம் எனக்கு வந்தது, நீங்கள் உடைத்து வாசித்தீர்கள், விசாப் பத்திரங்கள் வைக்கிற லாச்சியில் போட்டுப் பூட்டினீர்கள். கிடைக்கவில்லை என்று நினைத்து நான் மூன்று மாதம் அழுதேன். அண்ணி முட்டைக்கோப்பி அடித்துத் தந்து என் பக்கத்தில் இருந்தார். நீங்கள் வந்து என் தலையைத் தடவி, "கவலைப்படாதை, பல் வைத்தியரிட்டை வேலை பழகிற அவுஸ்பில்டுங் ஒண்டு இருக்கு" என்றீர்கள். அவரைப் போய்ப் பார்க்க நாளும் நேரமும் குறித்து டெர்மினும் எடுத்து வைத்திருந்தீர்கள். லாச்சிக்குள் கடிதம் கிடக்க, தலையைத் தடவிய அந்தக் கையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த வருடம் பாஸ்போர்ட் தேடி லாச்சியைத் திறந்தபோது கடிதம் கிடந்தது. அதற்குள் என் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. ஒரு பையோடு பெர்லினுக்கு வந்தேன். அந்த மாதமே கோயில் வாசலில் உங்களைக் கேட்டவர்களுக்கு, "எங்கட வீட்டிலை கூத்தாடியள் இல்லை, எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தியும் இல்லை" என்று சொல்லியிருக்கிறீர்கள். அது எனக்கு இரண்டு நாளில் வந்து சேர்ந்தது. நம்முடைய சனத்துக்கு அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

பெர்லினிலும் ஒரு பல் வைத்தியரிடம்தான் வேலை செய்தேன், நீங்கள் பழக விட்ட அந்த வேலையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஒரு நாள் நடாலி என்ற டப்பிங் இயக்குநர் பல்வலியோடு வந்தார். ஊசி என்றால் பயம். வாயைத் திறந்தபடி கிடந்தவருக்குப் பயம் தெரியாமல் இருக்க நான் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தேன். விறைப்புப் போனதும் அவர் பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஆக, நீங்கள் எடுத்துத் தந்த டெர்மின்தான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. உங்களுக்கு வயிறு எரியட்டும் என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

கூடப் பிறந்தவளின் குரல் எப்படித் தெரியாமல் போனது என்று யோசிப்பீர்கள். வெளிநாட்டார் கந்தோரில் அதிகாரி கேட்ட கேள்விக்கு நீங்கள் சொல் தேடிக்கொண்டு நிற்க, பதினொரு வயது நான் முந்திக்கொண்டு டொச்சில் பதில் சொன்னேன். அந்த மனுசன் சிரித்தான். வெளியே வந்ததும் ட்ராம் தரிப்பிடத்தில் வைத்து என் வாயில் அடித்தீர்கள். "வாயை மூடு, இனி என்ர முன்னாலை டொச் ஒரு சொல் வரக் கூடாது." கெல்சென்கிர்ச்சன் வீட்டுக்குள்ளும் அதுவே சட்டமாயிற்று. தமிழ் அழியாமல் பிள்ளையை வளர்க்கிறேன் என்று வருகிறவர்களிடம் பெருமையடித்தீர்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஒரே கூரைக்குள் இருந்தும் என் டொச்சை நீங்கள் கேட்கவே இல்லை.

அண்ணி மட்டும் கண்டுபிடித்தார். ஒரு படத்தில் ஹாரியட் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம். வசனம் டொச் என்றாலும் சிரிப்பு என்னுடையதுதானே. குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு ஓடிவந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றாராம். வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்குப் போன் எடுக்கிற மனுசி மறுநாளே எடுத்து, "பிள்ளை, அது நீதானே" என்று கேட்டார். அண்ணாவுக்குச் சொல்லிப்போடாதே, அந்த ஒரு சந்தோசத்தையும் விட்டுவிடுவார் என்று கெஞ்சினார். அண்ணிக்காகத்தான் இத்தனை வருடம் சும்மா இருந்தேன். அவரை ஏசாதீர்கள்.

ஹாரியட் கிரேஞ்சைக் கண்ணியமான குடும்பப் பெண்மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் யாரென்று தெரிந்துதான் எழுதினீர்களா? வட இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் நின்ற பெண்ணின் மகள். பதினேழு வயதில் தகப்பனுக்குச் சொல்லாமல், ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவோடு ஓடினார். நாலு வருடம் மேடையில் தேத்தண்ணீர்த் தட்டு ஏந்தும் வேலைக்காரி வேடம். முப்பதுக்குப் பிறகுதான் லண்டனின் பெரிய மேடைகளில் ராணியாகவும் கொலைகாரியாகவும் நின்றார். இரண்டு தடவை விவாகரத்து. சினிமா அவரைத் தேடி வந்தபோது வயது ஐம்பத்திரண்டு. இந்தக் கிழவியை யார் பார்ப்பது என்று கேட்ட தயாரிப்பாளரின் பெயரை, அந்தப் படத்துக்குப் பரிசு வாங்கும் மேடையில் நன்றி சொல்லும் பட்டியலில் முதலாவதாக வாசித்தார். அதைக் கேள்விப்பட்ட அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நீங்கள் சொன்ன கூத்தாடிகளில் அவர் முதல்தரமானவர், அண்ணா.

எனக்கு அவருடைய மூச்சுத் தெரியும். எந்தச் சொல்லுக்கு முன்னால் எச்சில் விழுங்குவார் என்று தெரியும். இடுப்பு வலி தொடங்கியதை, கதிரையில் இருந்து பேசும் காட்சிகளில் அவர் வசனத்தை முறித்து முறித்துப் பேசியதில் கண்டுபிடித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் மேடையில் நடுவழியில் வசனம் மறந்துபோய், அதோடு நாடகத்தை விட்டுவிட்டார். நீதிபதித் தொடர்தான் கடைசி என்கிறார். ஒருமுறை பெர்லினுக்கு வந்தபோது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, உன் மொழியில் ஏதாவது சொல்லு என்றார். சட்டென்று என் வாயில் வந்தது உங்கள் வசனம். "வாயை மூடு" என்றேன். அழகாகத் திருப்பிச் சொன்னார். கருத்துக் கேட்டார். பெரியவர்கள் சின்னவர்களை அன்பாகக் கூப்பிடுவது என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நீதிபதித் தொடரின் ஏழாவது பகுதியில், மகளை வீட்டுக்குள் பூட்டி வைத்த தகப்பனுக்குத் தண்டனை வாசிக்கும் காட்சி. இங்கிலீஷில் ஹாரியட் அதைத் தணிந்த குரலில் வாசிக்கிறார். நான் சொற்களைப் பல்லில் கடித்துக் கடித்து வாசித்தேன். ஒரே தடவையில் சரியாக வந்தது. யாரை நினைத்துப் பேசினாய் என்று நடாலி கேட்டார். என் அண்ணனை என்று சொன்னேன். அந்தக் காட்சிக்கு நீங்கள் எழும்பி நின்று கைதட்டினீர்களாம், அண்ணி சொன்னார். உங்களுக்கு விழுந்த தண்டனைக்கு நீங்களே கைதட்டியிருக்கிறீர்கள். அதைக் கேட்ட நாள் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இனி வாழ்த்துக்கு வருகிறேன். முதலில் ஏழு நிமிடத்துக்கு ஒன்று பதிந்தேன், முழுவதும் தமிழில். லாச்சி, பூட்டு, தலை தடவியது, கோயில் வாசல் எல்லாம் அதில் இருக்கிறது. பட்டு வேட்டியும் சால்வையுமாக நீங்கள் முன்வரிசையில் இருக்க, நானூறு பேர் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் மணவறையில் இருக்கப்போவது மிதுசா. நான் வீட்டை விட்டு வெளிக்கிட்ட காலை, மூன்று வயதுப் பிள்ளை அவள், நான் போகாமல் இருக்க என் சப்பாத்து ஒன்றை எங்கேயோ ஒளித்துவிட்டாள். அண்ணியின் செருப்போடுதான் ரயிலேறினேன். அவளுடைய நாளைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்காகத்தான், உங்களுக்காக இல்லை.

ஆகவே இரண்டாவது ஒன்று பதிந்தேன். நீங்கள் கடிதத்தில் கொடுத்த முகவரிக்கே, மண்டபத்தில் ஒலியமைப்புச் செய்யும் கோகுலுக்கு யூலியா அதை அனுப்பிவிட்டாள். ஹாரியட்டிடம் அனுமதி எழுத்தில் வாங்கியிருக்கிறேன். நீங்கள் கேட்டபடி ஒரு நிமிடம். ஐம்பது விநாடி டொச், நீங்கள் விரும்பும் அதே குரல். கடைசிப் பத்து விநாடி தமிழ். "மிதுசாக் குஞ்சு, நல்லா இருக்கோணும் பிள்ளை. உன்னைத் தூக்கி வளர்த்த கை இன்னும் சும்மாதான் கிடக்குது."

நீங்கள் கோகுலுக்குப் போன் எடுத்து அதை நிற்பாட்டலாம். ஏன் என்று அவன் கேட்பான். விழா நிரலிலும் அச்சடித்துவிட்டீர்கள், மிதுசாவும் தோழிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள் என்று அண்ணி சொன்னார். போட்டால், முதலில் சனம் கைதட்டும், டொச்சுக்காரி தமிழ் பேசுகிறாள் என்று. பிறகு மிதுசா மணவறையில் இருந்து உங்களைத் திரும்பிப் பார்ப்பாள். "அப்பா, ஆர் இவ?" என்று கேட்பாள். மாப்பிள்ளை வீட்டாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். என்னைக் கொன்றவர் நீங்கள், பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

ஒரு சொல் போதும். மைக்கை வாங்கி, என்ர தங்கச்சி என்று சொன்னால் போதும். நான் மண்டபத்துக்கு வெளியே காரில் இருப்பேன். சொன்னீர்கள் என்று அண்ணி வந்து சொன்னால் இறங்கி வருவேன், பழையதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். சொல்லாவிட்டால் அப்படியே திரும்பிப் போவேன். மறுநாள் அந்த ஏழு நிமிடத்தை மிதுசாவின் கையில் கொடுப்பேன். பிறகு நீங்கள் அவளுக்கு முகம் கொடுக்க வேண்டும்.

மிதுசாவும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் வாழ அம்பாளை வேண்டுகிறேன். அன்றைக்கு உங்கள் உடம்புக்கும் ஒன்றும் வரக் கூடாது என்று வேண்டியிருக்கிறேன். முன்வரிசையில் மணப்பெண்ணின் மாமியான எனக்கு ஒரு கதிரை போடச் சொல்லுங்கள். அது வெறுமையாகக் கிடந்தால், யார் இன்னும் வரவில்லை என்று சனம் கேட்கட்டும்.

இங்ஙனம்,
தங்கச்சி
சாரங்கா