கயிற்றிலிருந்து ஏழு வீச்சு

என் அன்பு லூச்சியா அக்காவுக்கு,

உன்னிடம் இங்கிலீஷிலேயே பேசிப் பழகியவள், தமிழில் எழுத உட்கார்ந்ததும் ‘நீ’ என்றே வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். என்ன எழுதுவது என்று தள்ளிப்போட்டேன். இப்போது எழுத ஒன்று இருக்கிறது. நீ கட்டிவிட்டுப் போன கயிற்றை நான் நகர்த்திவிட்டேன்.

மத்தியானம் மணி இரண்டரை. ஏ.சி. கடகடக்கிறது. கீதா பள்ளி விட்டு வந்து பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். தூங்கவில்லை. என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

நாங்கள் மஸ்கட் வந்த புதிது நினைவிருக்கிறதா? கம்பெனிக் குடியிருப்பான கேம்ப்பின் நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரம் நாலு மணிக்குத் தொடங்கும். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பேன். கீதாவின் இடுப்பில் ஒரு துண்டு, அதன் முனை என் கையில். நீ தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டி, “வசந்தா, இது பிள்ளையா, ஆட்டுக்குட்டியா?” என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லாமல் போனேனே, அந்த மட்டில் தப்பித்தேன். மறுநாள் நீயே துண்டை அவிழ்த்துவிட்டாய்.

நீ இத்தாலிக்காக நீந்தியவள் என்பது எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. அதுவும் உன் கறுப்புக் காபியை ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக்கொண்டு, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாய். ஏரிக்கரை ஊர், படகு பழுதுபார்க்கும் அப்பா. முகத்தைத் தண்ணீரில் வைக்கப் பிடிக்காததால் மல்லாந்தே நீந்திய பெண். பதினாலு வயதில் மாகாணப் பதக்கம். பதினேழில் நாட்டு அணி. ராத்திரி ரயிலில் உட்கார்ந்தபடி தூக்கம், காயாத நீச்சல் உடை பையில், விடிந்ததும் இன்னொரு ஊரின் குளம். “வானம் எல்லா ஊரிலும் ஒன்றுதான், சுவர்தான் வேறே” என்றாய்.

மல்லாந்து நீந்துகிறவளுக்கு முன்னால் இருக்கும் சுவர் தெரியாது. அதற்காகத்தான் தலைக்கு மேல் துணிக்கொடி கட்டிய கயிறு. கயிறு கண்ணில் பட்டதும் கைவீச்சை எண்ண வேண்டும். உனக்கு ஐந்து. ஐந்தாவதில் சுவர். கை சுவரைத் தொடும்வரை முதுகு புரளக் கூடாது, அது சட்டம்.

வெளிநாட்டில் நடந்த அந்தப் பந்தயத்தில், எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்த நீ, நாலாவது வீச்சில் சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தாய். ஒரே ஒரு கணம். உடம்பு புரண்டுவிட்டது. முதலில் தொட்டவள் நீ, கணக்கில் சேராதவளும் நீ. அதன் பிறகு இரண்டே வருஷம்தான் நீந்தினாய். “என் கை சொன்னதை என் கழுத்து நம்பவில்லை, வசந்தா. அத்தோடு கலாஸ், எல்லாம் முடிந்தது.” இப்படிச் சொல்லிவிட்டு மிச்சக் காபியை மணலில் கொட்டினாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரூவி கடைத்தெருவுக்குப் போய்க் கயிறு வாங்கி வந்தோம். என் பழைய பச்சைச் சுங்குடியை நீ கொடிகளாகக் கிழித்தாய், நான் கயிற்றில் முடிந்தேன். இரண்டு இரும்புக் கம்பங்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்து நிறுத்தினோம். கீதாவின் குட்டிக் கைக்கு எத்தனை வீச்சு என்று நாள் கணக்கில் பார்த்து, ஏழு என்று முடிவு செய்தாய். என்னைச் சுவரோரம் மண்டியிட வைத்தாய். தலை இடிக்காமல் உள்ளங்கையை நீட்டிப் பிடிப்பது என் வேலை. “சீக்கிரம் உனக்கு இந்த வேலை போய்விடும்” என்று கண்ணடித்தாய்.

அப்புறம் உனக்கு வந்த காய்ச்சல். ஆபரேஷனுக்கு ஊருக்குப் போகிறேன் என்றவள் திரும்பவில்லை. உன் வீட்டுக்காரர் மட்டும் வந்து சாமான்களைக் கட்டினார். போகும்போது வாசலில் நின்று, “கடைசியாக, கயிறு இருக்கட்டும் என்றாள்” என்றார்.

போன புதன்கிழமை கீதா கையை வேகமாக வீசிச் சுவரில் இடித்துக்கொண்டாள். விரல் முட்டி வீங்கிவிட்டது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். வியாழன் சாயங்காலம் குளத்தடியில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு கம்பத்தையும் சுவரிலிருந்து தள்ளித் தள்ளி நிறுத்தினேன். சீக்கிரமே எண்ணத் தொடங்கட்டும், சீக்கிரமே நிற்கட்டும், இடிக்காது. அவ்வளவுதான் யோசித்தேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவள், அக்கா.

வெள்ளிக்கிழமை கேம்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி. மல்லாந்த நீச்சலுக்கு மூன்றே பேர். இவள்தான் முன்னால் வந்தாள். நான் வேண்டாமென்று என்னைச் சுவரோரத்திலிருந்தே அனுப்பிவிட்டாள். கயிற்றைத் தாண்டினாள். உதடு எண்ணுவது எனக்குத் தெரிந்தது. ஏழு. கையை நீட்டினாள். அங்கே தண்ணீர்தான் இருந்தது. இன்னொரு தடவை துழாவினாள். அப்புறம் புரண்டு பார்த்தாள். நடுவராக நின்ற கோவாக்கார கிளார்க், இவள் கணக்கில் இல்லை என்று கையைத் தூக்கிவிட்டார்.

எதிர்வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா, நாகர்கோவில்காரி, துண்டோடு ஓடிவந்து தமாஷாக, “என்ன மக்ளே, ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதா?” என்றாள். கீதா என்னைத்தான் பார்த்தாள். “சரியாத்தான் எண்ணினேன்மா. செவுரு எங்கம்மா போச்சு?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரவாயில்லடா, பயத்துல தப்பா எண்ணியிருப்பே.”

வீட்டில் இவர் வேறு, “விடு, கணக்குல அப்படியே என்னை மாதிரி” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இன்றைக்குச் செவ்வாய். நாலு நாளாகக் குளத்துப் பக்கம் போகவில்லை. தட்டில் இட்லியை இரண்டு தடவை எண்ணுகிறாள். வாசல் படியை ஏறி எண்ணி, இறங்கி எண்ணி, மறுபடி ஏறுகிறாள். நேற்று தலை பின்னும்போது கேட்டாள்: “நான் எண்ணினா எப்பவும் தப்பாத்தான் வருமாம்மா?”

உன்னிடம் மறைக்க முடியாது. அவள் குளத்துக்கு வர மாட்டேன் என்றதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இனி இடிக்காது, மூழ்காது, என் பக்கத்திலேயே இருப்பாள் என்று. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உட்கார முடியவில்லை.

உன் கயிற்றையும் யாராவது நகர்த்தியிருப்பார்களோ, அக்கா? நல்லெண்ணத்தில்? நாலாவது வீச்சில் உன்னைத் திரும்ப வைத்தது யார்? சின்ன வயதில் உன்னிடமும் யாராவது, “நீ தப்பாக எண்ணியிருப்பாய்” என்று சொன்னார்களோ? காபி குடித்த அத்தனை நாளில் ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

இன்று காலை அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் குளத்துக்குப் போனேன். கம்பம் முன்பு நின்ற இடத்தில் சிமெண்டில் துரு வட்டம் அப்படியே இருக்கிறது. ஒரு கம்பத்தை இழுத்துப் பழைய வட்டத்தில் வைத்துவிட்டேன். மற்றதில் கை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். இரண்டையும் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தப்பு அவளிடமே தங்கிவிடும். கயிறு இப்போது கோணலாகத் தொங்குகிறது.

நாலு மணிக்கு அவளைக் கூட்டிப்போகிறேன். குளிக்க வேண்டாம், அம்மாவுக்கு ஒரு கை பிடி என்று சொல்லப்போகிறேன். கம்பத்தின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இழுக்கும்போதே சொல்லிவிடுவேன்: நீ எண்ணினது சரி, அம்மாதான் தள்ளி வெச்சேன். கத்துவாள். என்னோடு பேசாமல் இருப்பாள். இருக்கட்டும். கத்துகிற பிள்ளைக்குத் தன் ஏழு ஏழுதான் என்று தெரிந்திருக்குமே.

அப்புறம் என்றைக்கு அவள் தண்ணீரில் இறங்கினாலும், நான் சுவரோரம் மண்டியிட மாட்டேன். கயிற்றுக்குப் பின்னால், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அது நகராமல். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. சுவரோரம் ஓடத் தோன்றும். தோன்றினாலும் கம்பத்தை விட மாட்டேன்.

கதவு திறக்கும் சத்தம். எழுந்துவிட்டாள் போலிருக்கிறது.

உனக்குப் பின் பிறந்தவளாக,
கீதாவின் அம்மா,
உன் தங்கை வசந்தா