தலைக்கு மேல் ஒரு சுற்று

நார்மண்டி, பிரான்ஸ், ஆகஸ்ட் 1944

என் கண்ணே,

விமானத்தோடு இறங்கிவிட்டேன்! நான்கு வருஷம் கழித்து, இன்று காலை, நம் மண்ணில்! ஒரு பால்காரம்மா என் பிரிட்டிஷ் விமானப்படைச் சீருடையைப் பார்த்து, "இங்கிலீஷ்காரத் தம்பி, குடிப்பா" என்று ஆப்பிள் கள்ளை நீட்டினாள். "நான் ரென் ஊரு மாப்பிள்ளைம்மா" என்றேன். உடனே அழுதுகொண்டே என் நெஞ்சில் குத்தினாள். "இத்தனை நாளா எங்கடா போயிருந்தே?"

ரென் நகரமும் விடுதலையாகிவிட்டதாமே! எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்பு. காப்பிக்கொட்டை, சோப்பு, நான் இன்னும் பார்க்காத நம் மகளுக்குச் சாக்லேட், உன் அப்பாவுக்குப் புகையிலை, எல்லாம் கட்டிவைத்துவிட்டேன்.

இந்த வருஷம் எங்களுக்கு ரயில் என்ஜின்களைச் சுடும் வேலைதான். சரக்கு ஜெர்மானியருடையது, ஓட்டுபவர்கள் நம் ஆட்கள். அதனால் சுடுமுன் தலைக்கு மேல் ஒருமுறை சும்மா சுற்றுவோம்; அவர்கள் குதித்து ஓடிவிடுவார்கள். நான் இரண்டு முறை சுற்றுவேன். "ஜெர்மன் பீரங்கிக்காரன் குறி பாக்குறதுக்கா சுத்துறே? ரயில் ஓட்டுறவன் என்ன, உன் மாமனாரா?" என்று தோழன் மார்சியால் கிண்டல் செய்வான். நானும் சிரிப்பேன். என் விமான இறக்கையில் குண்டுத் துளைகளை அடைத்த பதினோரு ஒட்டு!

மே மாதம் ஒருநாள், ரென் பாதையில், எதிரி விமானங்கள் பின்னால் வந்துவிட்டன. அன்று சுற்ற நேரமில்லை; சுற்றாமலே சுட்டுவிட்டேன். அதை விடு.

ஞாயிறு பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டுவேன். நீ ஓடிவராதே, கண்ணே. உன் அப்பாவைத் திறக்கச் சொல். முப்பது வருஷமாக ரயில் ஓட்டும் அந்தக் கைகளே திறக்கட்டும்.

தட்டிவிட்டு வாசலிலேயே நிற்கப்போகும்,
உன் கணவன்