குத்தாத காது

ஞாயிற்றுக்கிழமை.

இன்று தங்கை மகனுக்குக் காதுகுத்து. அவனுக்கும் எனக்கும் ஒரே நோய். காயம் பட்டால் ரத்தம் உறையாது. காலையில் போட்ட ஊசி இன்றைக்குத் தாங்கும், தைரியமாகக் குத்தலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். என் சிறுவயதில் அந்த ஊசி கிடைக்கவில்லை. ரத்தம் கட்டிக் கட்டி என் முழங்கால் மடங்காமல் போய்விட்டது. அதை நீட்டியபடியே தாய்மாமனாக அவனை மடியில் வைத்துக்கொண்டேன்.

பிள்ளை என் காதைத் தடவினான். "மாமா, ஒங்களுக்குக் குத்தலையா?"

"இல்லடா. குத்தக்கூடாதுன்னுட்டாங்க."

"அப்ப எனக்கும் வேணாம்."

தங்கை கெஞ்சினாள். நான் அவனை மடியிலிருந்து இறக்கிவிட்டேன்.

"போட்ட ஊசி வீணாப்போச்சே மச்சான்" என்றார் அவன் அப்பா.

அவன் என்னைப் போல ஆகிவிடக் கூடாது என்றுதான் இத்தனை பாடும். ஆனாலும் அவன் வேண்டாம் என்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.