பொதுக்கூடத்தில் நிற்கும் இருவர்

நாள் 112, காலை 09:10

பனிக்குழி முகாம், நிலவின் தென்முனை. எழுதுபவர் பிரிஸ்கில்லா ஞானதுரை, மென்பொருள் பொறியாளர். உடன் இருப்பவர் செவ்வேள், துளைப்பொறி இயக்குநர்.

குழிக்குள் இறங்கி இரண்டாம் நாள். குழி நூறு மீட்டருக்கு மேல் ஆழம். விளிம்பில் தலைமை நிலையம், அடியில் எங்கள் ஊதுகூடாரமும் துளைப்பொறியும். இடையில் ஒரு தூக்குக் கூண்டு, இரண்டு கம்பிகள். இறங்கு கம்பி மேலிருந்து மின்சாரத்தையும் செய்தியையும் கொண்டுவருகிறது. ஏறு கம்பி எங்கள் குரலையும் அசைவையும் அளவுகளையும் மேலே கொண்டுபோகிறது.

பொதுக்கூடத்தின் நான்காம் பதிப்பை இன்று நிறுவினேன். படிப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் மேலே உள்ளவர்களும் கீழே உள்ளவர்களும் ஒரே கூடத்தில் நிற்போம். நடுவில் துளைப்பொறியின் உருவம் நிற்கும். நான் ஒரு திருகாணியைத் தொட்டுக் காட்டினால், மேலே இருக்கும் கமாண்டர் அதே திருகாணியைக் குனிந்து பார்ப்பார். இரண்டு பேர் ஒரே பொருளைப் பிடித்து இழுத்தால் அது யார் கைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கவே எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. நானும் ஹசீனாவும் சேர்ந்து கட்டியது இது. உடல் அசைவு என் பங்கு, குரலும் பேச்சும் அவள் பங்கு. அவள் இப்போது மேலே நிலையத்தில் இருக்கிறாள்.

துளையிடும்போது கம்பி அதிரும், இணைப்பு விட்டு விட்டு வரும். உருவங்கள் கையைத் தூக்கியபடி உறைந்து நிற்கும். அதற்காக எழுதியதுதான் நிரப்பி. இத்தனை மாதம் கூடத்தில் நாங்கள் பேசியது, நடந்தது, சிரித்தது எல்லாம் அதற்குப் பாடம். விட்டுப்போன நொடிகளில் எங்களைப் போலவே அது அசையும், பேசும். பழைய பதிப்பில் பத்து நொடிக்கு மேல் போனால் உருவம் சாம்பல் நிறமாகிவிடும். எல்லோரும் குறை சொன்னார்கள், கூட்டம் கலைந்துபோகிறது என்று. வரம்பை எடுத்துவிடச் சொல்லி மேலிடம் முடிவு செய்தது. இனி இணைப்பு திரும்பும்வரை நிரப்பும். துளைப்பொறியின் அளவுகளையும் எங்கள் இதயத் துடிப்பையும்கூட நிரப்பும். கூடத்தின் அளவுப் பலகையில் இடைவெளி விழுந்தால் அபாய மணி வீணாக அலறுகிறது என்பதால் அந்த ஏற்பாடு.

சோதனை திருப்தி. தன் உருவம் தானாக அசைவதைப் பார்த்த செவ்வேள், “நான் இம்புட்டா மூக்கச் சொறியுறேன்?” என்று கேட்டார்.

நாள் 112, மாலை 15:40

பாறைச் சரிவு. கிழக்குச் சுவரின் ஒரு பகுதி அப்படியே கழன்று இறங்கியது. இங்கே காற்றில்லை, சத்தமும் இல்லை. காலடியில் அதிர்வை உணர்ந்து திரும்பும்போது செவ்வேளின் மேல் கல் கிடந்தது. நெம்புகோலால் புரட்டினேன். இரண்டாவது கல் உருண்டு என் வலது கணுக்காலை நசுக்கியது. எலும்பு முறிந்திருக்கிறது.

அவரைக் கூடாரத்துக்குள் இழுத்துவந்து விண்வெளி உடுப்பைக் கழற்றினேன். மூச்சு விடும்போது நெஞ்சு ஒரு பக்கம் மட்டும்தான் எழுகிறது. வலி மருந்து கொடுத்தேன்.

ஏறு கம்பி அறுந்துவிட்டது. உடுப்பு வானொலி விளிம்புவரை எட்டாது. ஆள் உயரம்போல மூன்று மடங்கு மேலே, சுவரில், முனை தொங்குகிறது. இறங்கு கம்பி தப்பியது. வெளிச்சமும் சூடும் இருக்கின்றன. கூண்டை அழைக்கும் பொத்தானும் ஏறு கம்பியில்தான் இருக்கிறது. பரவாயில்லை. எங்கள் குரல் வராவிட்டால் கூண்டை அனுப்பிவிடுவார்கள்.

நாள் 112, மாலை 17:30

கூண்டு வரவில்லை. கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன்.

கூடத்தில் நான் நிற்கிறேன். செவ்வேளும் நிற்கிறார், துளைப்பொறியின் பிடியில் கை வைத்தபடி.

கமாண்டர் குமரகுருபரன் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தார். “ஏதோ அதிர்வு காட்டுச்சுங்களே. கீழ ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?”

என் உருவம் பதில் சொன்னது. “சின்னக் கல்லு சார். நாங்க நல்லா இருக்கோம்.”

“நல்லதுங்க. ஜாக்கிரதையா இருங்க.”

நான் கத்தினேன். என் உருவம் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

கம்பி அறுந்த இடத்துக்கு மேலே ஓர் இணைப்புப் பெட்டி இருக்கிறது. நிரப்பி அதில்தான் ஓடுகிறது. பெட்டிக்கு உயிர் இருக்கும்வரை, இணைப்பு நலம் என்று அது மேலே சொல்லிக்கொண்டே இருக்கும். விளக்கு பச்சையாகவே எரியும்.

செவ்வேள் கேட்டார், “கூண்டு வருதா?”

வருது என்றேன்.

நாள் 113, காலை 07:20

செவ்வேள் விடியற்காலையில் இறந்துவிட்டார். இங்கே விடியல் கிடையாது. அவருடைய கடிகாரம் தேனி நேரம் காட்டும், அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கடைசியாகத் தண்ணீர் கேட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, “சில்லுன்னு இருக்கு” என்றார். முகத்தை அவருடைய சட்டையால் மூடியிருக்கிறேன்.

கூடத்தில் அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

நாள் 113, பகல் 13:05

செவ்வேளின் மகள் பூமியிலிருந்து இன்று பேசும் நேரம். கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

வெயினிக்கு ஏழு வயது. கூடத்தில் அவள் உருவம் துளைப்பொறியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. “அப்பா, பல்லு விழுந்துருச்சுப்பா! இங்க பாரு.”

“அடி கழுதை! கூரையில தூக்கிப் போட்டியா?”

“நம்ம வீட்டுல ஏதுப்பா கூரை? மொட்டை மாடிதான இருக்கு.”

அவர் சிரித்தார். அவருடைய சிரிப்பேதான், முடிவில் வரும் இருமல்கூடப் பிசகவில்லை. குரலை ஹசீனா அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாள். அவர் மனைவி பின்னால் நின்று, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றது.

நான் ஒரு கையால் இங்கே அவருடைய கையைப் பிடித்திருந்தேன். விறைத்துப்போயிருந்தது. பிள்ளை போய்விட்டு வருகிறேன் என்று சொல்லும்வரை விடவில்லை.

நாள் 114, காலை 08:30

கம்பியின் முனையை எட்ட முயன்றேன். துளைக்குழாய்களைச் சுவரில் சாய்த்து, ஒற்றைக்காலால் ஏறினேன். பாதி தூரம் போனேன். குழாய் சறுக்கிவிட்டது. நிலவில் விழுவது மெதுவாகத்தான் நடக்கும், யோசிக்க நேரம் இருக்கும். உடுப்பு கிழியவில்லை. கால் மட்டும் இன்னும் மோசம். இனி அதை ஊன்ற முடியாது.

இன்னொரு வழி தோன்றியிருக்கிறது. நாங்கள் இழுக்கும் மின்சாரத்தை மேலே அளக்கிறார்கள். அந்த மீட்டர் நிலையத்திலேயே இருக்கிறது, பெட்டியின் வழியாகப் போவதில்லை. அதை நிரப்பி தொட முடியாது. பெரிய ஹீட்டரை மூன்று முறை போட்டு மூன்று முறை அணைக்கப் போகிறேன். நிறுத்திவிட்டு மறுபடியும் மூன்று. யாராவது பார்ப்பார்கள்.

நாள் 114, பகல் 11:45

பார்த்துவிட்டார்கள்!

கமாண்டர் கூடத்துக்குள் வேகமாக வந்தார். “பிரிஸ்கில்லா, உங்க லைன்ல கரண்ட் ஏறி ஏறி இறங்குதுங்களே. என்னாச்சுங்க?”

நான் விடாமல் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்று. மூன்று. மூன்று.

என் உருவம் அளவுப் பலகையைத் திரும்பிப் பார்த்தது. நான் எப்போதும் செய்வதுபோல உதட்டைப் பிதுக்கியது. “பெரிய ஹீட்டர் மக்கர் பண்ணுது சார். போன வாரமும் இப்படித்தான்.”

உண்மைதான். போன வாரம் மேலே ஒரு ஹீட்டர் கெட்டுப்போயிருந்தது. கூடத்தில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

“ஷார்ட் ஆகித் தீப்பிடிச்சா ஆபத்துங்க. அந்த லைனை இங்கிருந்தே கட் பண்ணிடறேன். சின்ன ஹீட்டர் போதுங்களா?”

“போதும் சார்.”

ஹீட்டர் அணைந்துவிட்டது. இனி நான் போட்டாலும் எரியாது. சின்னதைத் தட்டினால் மீட்டரில் தெரியவே தெரியாது.

கமாண்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தார். என் உருவத்தின் தோளை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாள் 115, காலை 10:00

சின்ன ஹீட்டரின் சூடு போதவில்லை. கூடாரத்தின் உள்சுவரில் உறைபனி. செவ்வேளின் உடுப்பையும் என் மேல் போர்த்தியிருக்கிறேன். மன்னியுங்கள் செவ்வேள். விரல்கள் மரத்துவிட்டதால் இனி குரலில் பதிகிறேன்.

இன்று எங்களை மேலே ஏற்ற வேண்டிய நாள். அதை நம்பித்தான் இரவு முழுக்க விழித்திருந்தேன். கூண்டு கீழே வரும், கதவு திறக்கும், கூடத்தில் யார் எப்படி நின்றாலும் கவலையில்லை என்று.

கமாண்டர் வந்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி. துளை ஆழமாகிக்கொண்டே போவதாகப் பலகை காட்டுகிறதாம், பனி நிறையக் கிடைக்கிறதாம். துளைப்பொறி கல்லுக்கு அடியில் நொறுங்கிக் கிடக்கிறது.

“கேக்கறதுக்குச் சங்கடமாத்தான் இருக்குது. இன்னொரு வாரம் கீழயே இருந்து முடிச்சுட்டு வர முடியுங்களா? சாப்பாடு, காற்று எல்லாம் கையிருப்பு இருக்குதுங்களே.”

வேண்டாம் என்று சொல். கால் வலிக்கிறது என்று சொல். நான் சண்டைக்காரிதானே, இவரோடு எத்தனை முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

“பிரச்சினை இல்ல சார்,” என்றது. செவ்வேளும் தலையசைத்தார்.

ஓரத்தில் ஹசீனா நின்றிருந்தாள். என் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்கியிருந்தது.

நாள் 115, மாலை 16:10

ஹசீனா தனியாக வந்திருக்கிறாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. அவள் பேசப் பேச அப்படியே சொல்கிறேன்.

முதலில் இணைப்பு விளக்கைப் பார்த்தாள். பச்சை. நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு என் உருவத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“ஏட்டி பிரிஸி. சார் கேட்டதும் சரின்னுட்டியே. நீ அப்படி ஒத்துக்கிடுத ஆளே இல்லியே.”

“வேலை நல்லா போகுதுல்லா. அதான்.”

“எங்கிட்ட ஒளிக்காத. உடம்புக்கு ஏதும் முடியலியா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியும். அந்தக் குரலைச் செய்தவளே அவள்தான். முகம் வெளுத்துவிட்டது. நேரே முன்னால் வந்து நிற்கிறாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எறங்குததுக்கு முந்தி அடுப்படியில வச்சு உங்கிட்ட ஒரு விஷயம் கேட்டேன். அப்போ ரெண்டு பேரும் கண்ணாடி போடல. இந்தக் கூடத்துக்கு அது தெரியாது. நீ எனக்கு என்னட்டி பதில் சொன்ன?”

கெட்டிக்காரி. என் தங்கமே, கெட்டிக்காரி.

அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்பலாம் என்றாள். பாளையங்கோட்டையில் ஒரு வீடு பார்த்து, இருவருமாக இருந்துகொள்ளலாம், வாரியா என்று கேட்டாள். தேநீர்க் குவளையைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். நிரப்பிக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. அது உளறும். உளறியாக வேண்டும்.

என் உருவம் தரையைப் பார்க்கிறது. பிடரியைத் தடவுகிறது. நான் அப்படித் தடவுவேன்.

“வந்து சொல்லுதேன்ட்டி,” என்றது.

அதுதான். அதையேதான் நான் சொன்னேன். சம்பளப் பேச்சோ கல்யாணப் பேச்சோ, யார் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். கூடத்தில் எத்தனை நூறு முறை சொல்லியிருப்பேனோ. அன்றைக்கு ஆமாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. வெட்கமாக இருந்தது. வந்து சொல்லுதேன் என்றுவிட்டுக் கூண்டில் ஏறிவிட்டேன்.

ஹசீனா முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

“படுபாவி! பயந்தே போயிட்டேன்ட்டி. என்னென்னமோ நெனச்சுட்டேன். சரி, வேலைய முடிச்சுட்டு வா. வந்தே சொல்லு.”

ஆமா, வாரேன். ஹசீனா, வாரேன். ஆமான்னுதான் சொல்லுதேன். ஹசீனா.

அவள் எழுந்து என் உருவத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டாள் போலிருக்கிறது. காணாமல் போனாள்.

நாள் 115. நேரம் தெரியவில்லை

குளிர் இப்போது அவ்வளவாக இல்லை. அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்குத் தெரியும்.

நாக்கு குழறுகிறது. இதைக் கண்டெடுப்பவர் ஹசீனாவிடம் மெதுவாகச் சொல்லவும். அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று சொல்லவும்.

ஒரு வாரம் கழித்துக் கூண்டு வரும்.

கண்ணாடியைக் கழற்ற மனம் வரவில்லை. கூடத்தில் நல்ல வெளிச்சம். செவ்வேள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். கால் ஊன்றி நிற்கிறேன்.

அங்கே நான் நன்றாக இருக்கிறேன்.